அண்ணன் எழுதிய மின்னஞ்சலை லெகோ நிறுவனம் படிக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 38 வயதான உங்கள் அண்ணன், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைப் பொம்மையான லெகோவைப் பல ஆண்டுகளாகச் சேகரிக்கிறார். டென்மார்க்கில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதியிருக்கிறார். அதில் நான்கு கோரிக்கைகள். ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லாமல் படங்களைத் துண்டுகளின் மீதே அச்சிட்டுத் தர வேண்டும். 2007-ல் நிறுத்திவிட்ட 9 வோல்ட் ரயிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விற்று முடிந்த பழைய செட்டுகளை மறுபடி வெளியிடக் கூடாது, வெளியிட்டால் அவரிடம் இருப்பவற்றின் விலை விழுந்துவிடும். நிஞ்சா, பள்ளித் தோழிகள் போன்ற "சின்னப் பிள்ளைச் சமாச்சாரங்களை"க் குறைத்துக்கொண்டு கோட்டை, விண்வெளி என்ற பழைய வரிசைகளுக்குத் திரும்ப வேண்டும். அவருடைய 7 வயது மகள் அந்த நிஞ்சா வரிசையான நிஞ்சாகோவின் ரசிகை என்பதால் வீட்டில் இதை வைத்துப் பெரிய விவாதமே நடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொம்மை நிறுவனம் பெரியவர்கள் பேச்சைக் கேட்கத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பித்துப் பிடித்தவன்தான். ஆனாலும் உங்கள் அண்ணன் பக்கம் முழுவதும் சாய என்னால் முடியவில்லை. முதல் கோரிக்கை சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதை நிறுவனம் படித்த மாத்திரத்தில் ஒதுக்கிவிட வேண்டும். நான்காவதை 2001-ல் கேட்டு நடந்திருந்தால் லெகோ இன்று இருக்கும் நிலையில் இருந்திருக்காது.

பொம்மையைப் பற்றிச் சேகரிப்பாளருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதைச் செய்கிறவர்களுக்கே சில சமயம் தெரியாது. ஆனால் குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு குழந்தையைப் பற்றித்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவராக இருந்த குழந்தை அது.

பெரியவர்களுக்குப் பொம்மைக் கடையில் என்ன வேலை என்று உங்கள் வீட்டில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கான காலம் கடந்துவிட்டது. அமெரிக்கப் பொம்மைச் சந்தையைக் கணக்கெடுக்கும் சர்க்கானா நிறுவனம், 2024-ன் முதல் காலாண்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான விற்பனை மழலையர் வயதுக் குழந்தைகளுக்கான விற்பனையை முதன்முறையாகத் தாண்டியது என்று அறிவித்தது. லெகோவும் 2020 முதல் கறுப்புப் பெட்டியில் "18 வயதுக்கு மேல்" என்று அச்சிட்டுப் பெரியவர்களை வெளிப்படையாகவே அழைத்துவருகிறது. பணம் தருகிறவர் பேச்சுக்குக் காது கிடைப்பதில் வியப்பில்லை. அந்தப் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் நிறுவனத்தின் விவேகம் தெரியும்.

முதல் கோரிக்கைக்கு வருகிறேன். ஸ்டிக்கர் சில ஆண்டுகளில் ஓரம் சுருண்டு, காய்ந்து, உரிந்துபோகும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இன்னும் விரைவாக. அச்சிட்ட துண்டு அப்படியே நிற்கும். ஒவ்வொரு அச்சிட்ட துண்டையும் தனிச் சரக்காகக் கணக்கு வைத்துக் கிடங்கில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, செலவு ஏறுகிறது என்பது நிறுவனத்தின் தரப்பு. அது பொய்யல்ல. ஆனால் கோணாமல் ஸ்டிக்கர் ஒட்ட முடியாமல் கண் கலங்கும் 7 வயதுக் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு யாருக்கு எழுதுவது என்று தெரியாது. எந்த ஆண்டு, எந்த செட், எந்தத் துண்டு என்று வரிசை எண்ணோடு எழுதத் தெரிந்தவர் உங்கள் அண்ணன்தான். தரத்தைப் பற்றிப் பேசும்போது சேகரிப்பாளர் தமக்காக மட்டும் பேசுவதில்லை, தம்மை அறியாமலே குழந்தைகளுக்கும் சேர்த்து வாதாடுகிறார்.

இதற்குச் சிறந்த சாட்சி சாம்பல் நிறக் கதை. 2003, 2004 வாக்கில் லெகோ தன் வண்ணப் பட்டியலைச் சீரமைத்தது. அந்த வேகத்தில், பல பத்தாண்டுகளாக இருந்துவந்த வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு மூன்றையும் மாற்றிவிட்டது. புதிய சாம்பலில் நீலச் சாயல் கலந்திருந்தது. புதிய பழுப்பில் சிவப்பு ஏறியிருந்தது. தனியாகப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளாகச் சேர்த்த சாம்பல் கட்டைகளோடு புதியதை வைத்து ஒரு கோட்டைச் சுவர் எழுப்பினால், பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப்போட்டதுபோல் பளிச்சென்று தெரியும். கோட்டையும் விண்கலமும் கட்டுகிறவர்களுக்குச் சாம்பல்தான் உயிர்நிறம். உலகெங்கும் இருந்த வயது வந்த ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது அற்பமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போதும் அப்படித் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. லெகோ விற்பது பிளாஸ்டிக்கை அல்ல, ஒரு வாக்குறுதியை. 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரிப் பதிவுசெய்த கட்டையும் இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். அப்பாவின் கட்டையோடு மகளின் கட்டை சேரும். அதற்காகத்தான் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில் வார்ப்பு அச்சுகளைச் செய்கிறார்கள். அளவில் காத்த அந்த வாக்கை நிறத்தில் மீறிவிட்டார்கள் என்பதே ஆர்வலர்களின் குற்றச்சாட்டு. ஒரே பெட்டி வைத்திருக்கும் குழந்தைக்கு இது தெரியாது. அம்மா அப்பாவிடமிருந்து ஒரு வாளி நிறையக் கட்டைகளைப் பெறப்போகும் குழந்தைக்குத் தெரியும். பெரியவர்கள் அந்தக் குழந்தைக்காக முன்கூட்டியே கத்தினார்கள். நிறுவனம் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் இனி அடிப்படை நிறங்களைத் தொடமாட்டோம் என்ற அளவுக்கு இறங்கி வந்தது. புதிய சாம்பல் இரண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கின்றன.

புதிய பழுப்பு இன்னொரு பாடத்தையும் தந்தது. அந்தச் செம்பழுப்பு நிறத் துண்டுகளும் அடர்சிவப்புத் துண்டுகளும் சில ஆண்டுகளில் கையில் எடுத்தாலே விரிசல் விட்டு உடையத் தொடங்கின. எந்த ஆண்டில் வந்தவை, எந்த வடிவங்களில் உடைகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து ஊரறியச் சொன்னவர்கள் சேகரிப்பாளர்கள். குழந்தையின் கையில் துண்டு உடைந்தால் அம்மா குப்பையில் போட்டுவிடுவார், புகார் எங்கும் போய்ச் சேராது. பத்தாண்டு கழித்து ஒரு பொம்மை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, பத்தாண்டு அதைப் பத்திரமாக வைத்திருந்தவரால்தான் முடியும்.

அறிவுள்ள நிறுவனம் இவர்களைப் புகார்ப் பெட்டியாக மட்டும் நினைக்காமல் கூட வேலைசெய்யவும் அழைக்கும். 1998-ல் லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ செட்டை வெளியிட்டது. அதன் மூளையாக இருந்த மஞ்சள் பெட்டியின் உள் ரகசியங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வெகு விரைவில் அலசி வெளியிட்டுவிட்டார். வேறு நிறுவனமாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கும். லெகோவுக்குள்ளும் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. கடைசியில், தடுப்பதைவிட அனுமதிப்பதே நல்லது என்று முடிவெடுத்து, பயனர்கள் மென்பொருளை மாற்றிக்கொள்ளும் உரிமையை உரிம விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். அடுத்த தலைமுறை ரோபோவை வடிவமைக்கும்போது நான்கு ஆர்வலர்களை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் லெகோவின் தலைமையகம் இருக்கும் பில்லுண்டு ஊருக்குத் தங்கள் செலவில் விமானம் ஏறிப் போனார்கள். கூலியாகப் பெற்றது லெகோ கட்டைகள். உழைப்பைச் சுரண்டினார்கள் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் 2006-ல் வந்த அந்த ரோபோ சிறந்த கருவியாக அமைந்ததற்கு அந்த நால்வரும் ஒரு காரணம். அதைப் பள்ளிகளில் பயன்படுத்திய எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

ரயிலுக்கு வருகிறேன். 1991-ல் வந்த 9 வோல்ட் ரயிலில் மின்சாரம் உலோகத் தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்குப் போகும். பேட்டரி வேண்டாம். காலையில் ஓட விட்டால் மாலை வரை ஓடும். 2007-ல் அதை நிறுத்தியபோது பெரியவர்கள் துக்கம் கொண்டாடினார்கள் என்றே சொல்ல வேண்டும். உங்கள் அண்ணனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் தண்டவாளம் விலை குறைவு. பேட்டரி ரயிலுக்குச் சுவரில் இருக்கும் மின்செருகியைத் தேட வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியிலும் மொட்டை மாடியிலும் ஓட்டலாம். நிறுவனம் மாறியதில் தவறில்லை. அதன் பிறகு நடந்துகொண்ட விதத்தைத்தான் நான் மெச்சுகிறேன். ரயில் ஆர்வலர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசி 2009-ல் எமரால்டு நைட் என்ற பச்சை நிற நீராவி ரயிலை வெளியிட்டார்கள். மின் அமைப்பு புதியது, ஆனால் எஞ்சினின் கம்பீரம் பெரியவர்கள் கேட்டது. உலோகத் தண்டவாளம் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்காக இன்று சில சிறு நிறுவனங்கள் அதைத் தாமே செய்து விற்கின்றன. சில நூறு பேரின் தேவைக்குச் சிறு பட்டறைதான் சரியான இடம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரியவர்கள் எழுப்பிய இன்னொரு குரலும் சரியாகவே இருந்தது. அப்போது லெகோ, கட்டுவதற்குப் பொறுமையில்லாத பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று பயந்து, நான்கைந்து பெரிய துண்டுகளைச் சேர்த்தாலே முடிந்துவிடும் பொம்மைகளை வெளியிட்டது. 2001-ல் ஜாக் ஸ்டோன், 2002-ல் கேலிடோர். கட்டையை மறந்துவிட்டீர்கள் என்று ஆர்வலர்கள் திட்டினார்கள். இரண்டுமே நிலைக்கவில்லை. துண்டு வகைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் வளர்ந்து 12,000-ஐத் தாண்டியது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எஃகு அச்சு வேண்டும், அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. 2003, 2004 இரண்டு ஆண்டுகளிலும் பெரும் நட்டம். 2004-ல் யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் தலைமைப் பொறுப்புக்கு வந்து துண்டு வகைகளைப் பாதிக்குப் பக்கமாகக் குறைத்து, கட்டைக்கே திரும்பினார்.

இதை வைத்துத்தான் அண்ணன் நான்காவது கோரிக்கையை எழுதியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பழையபடி கோட்டைக்கும் விண்வெளிக்கும் திரும்பியதால்தான் லெகோ பிழைத்தது என்று எங்களில் பலர் நம்புகிறோம். அது பாதிக் கதைதான். அந்த இருண்ட ஆண்டுகளில் லாபம் தந்த வெகு சில வரிசைகளில் ஒன்று 2001-ல் வந்த பயோனிக்கிள். தீவு ஒன்றில் முகமூடி அணிந்த இயந்திர வீரர்கள், அவர்களுக்கு நீண்ட தொடர்கதை, படக்கதைப் புத்தகங்கள், பந்துமூட்டுக் கைகால்கள். வயது வந்த ஆர்வலர்களில் பெரும்பாலோர் அதை வெறுத்தார்கள். இதில் கட்டையே இல்லை, இது லெகோவே இல்லை என்றார்கள். அன்று ஒரு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் பயோனிக்கிளைக் குழி தோண்டிப் புதைத்திருப்பார்கள். 8 வயதுப் பையன்கள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கினார்கள். அதில் வந்த பணம் கோட்டையையும் ரயிலையும் சேர்த்துத்தான் காப்பாற்றியது.

அந்தப் பையன்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். பயோனிக்கிளைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நிறுவனத்தைக் கேட்கும் சேகரிப்பாளர்கள் இன்று அவர்கள்தான். 2010-ல் நின்று, 2015-ல் திரும்ப வந்து, 2016-ல் மறுபடி நின்றுபோன அந்த வரிசையின் நினைவாக 2023-ல் ஒரு சிறு செட் வந்தபோது, குழந்தைப் பருவத்தையே கையில் வாங்கியதுபோல் அவர்கள் நெகிழ்ந்ததைப் பார்த்தேன். உங்கள் அண்ணன் இன்று முகம் சுளிக்கும் நிஞ்சாகோ 2011-ல் தொடங்கியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு கழித்து அவருடைய மகள் அதற்காக மின்னஞ்சல் எழுதுவாள்.

ஒவ்வொரு சேகரிப்பாளரும் சேகரிப்பாளர் ஆனதற்குக் காரணம், சேகரிப்பாளர் யாரையும் கேட்காமல், ஒரு குழந்தையை மட்டும் மனத்தில் வைத்து யாரோ ஒருவர் செய்த பொம்மைதான். அந்த ஊற்றை அடைத்துவிட்டால் இருபது ஆண்டுக்குப் பின் சேகரிப்பதற்கு எவரும் இருக்கமாட்டார்கள்.

இதற்கு நம் ஊர்த் தொடர்புள்ள சாட்சி ஒன்றும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். குழுமத்தின் பொம்மை நிறுவனம். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து 1987-ல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைகளை உரிமம் பெற்று இங்கே செய்தார்கள். அமெரிக்காவில் அந்த உள்ளங்கையளவு வீரர்களின் வரிசை 1994-ல் நின்றுபோன பிறகும் இங்கே பழைய அச்சுகளில் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். நிறங்கள் அமெரிக்கப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. அங்கே அடக்கமான பச்சையில் வந்த வீரன் இங்கே கண்ணைப் பறிக்கும் வேறொரு நிறத்தில் வந்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் அதை மண்ணில் புரட்டி, கையைப் பிய்த்து விளையாடினார்கள். கடல் கடந்து அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அந்த விநோத வண்ண வீரர்களைத் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். இன்றும் அட்டை பிரிக்காத ஃபன்ஸ்கூல் வீரனுக்கு அங்கே தனி மதிப்பு. என்ன நிறம் பூசலாம் என்று முன்கூட்டியே அந்தச் சேகரிப்பாளர்களைக் கேட்டிருந்தால், அமெரிக்கப் பதிப்பைப்போலவே பச்சை பூசுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது கோரிக்கையில் எனக்குக் கோபமே வருகிறது. மன்னியுங்கள். 2008-ல் 5,922 துண்டுகளோடு தாஜ்மகால் செட் வந்தது. விற்று முடிந்ததும் மறுவிற்பனையில் அதன் விலை ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறியது. 2017-ல் ஒரே ஒரு துண்டு கூடுதலாகச் சேர்த்து, புதிய எண்ணில் அதையே லெகோ திரும்ப வெளியிட்டது. கடை விலை 370 டாலர். பிரிக்காத பெட்டிகளை அலமாரியில் அடுக்கி விலை ஏறக் காத்திருந்தவர்கள் துரோகம் என்றார்கள். அதைக் கட்டிப் பார்க்க ஒன்பது ஆண்டுகளாக ஏங்கியவர்களுக்கு அது திருவிழா. பெட்டியைத் திறக்காதவருக்குப் பொம்மை நிறுவனம் கடமைப்பட்டிருக்கவில்லை. நான் போகும் ஒரு கடையில், புதிய சிறு கார் பொம்மைகள் வரும் நாளில் பெரியவர்கள் கதவு திறக்கும் முன்பே நின்று, அரிய காரையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மிச்சம்தான். அந்தப் பெரியவர்களும் தங்களைச் சேகரிப்பாளர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். இன்னும் அரிதாகச் செய்யுங்கள் என்ற அவர்கள் விருப்பத்துக்கு ஒரு நிறுவனம் பணிந்தால், அது பொம்மைத் தொழிலிலிருந்து லாட்டரித் தொழிலுக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

விலை பேசவே கூடாத இடங்களும் உண்டு. 1979-ல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் கதையின் போபா ஃபெட் பொம்மையை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் செய்தது. அதே காலத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் ராக்கெட்டை அசையாமல் ஒட்டி அனுப்பியது. ராக்கெட் பாயும் மாதிரிப் பொம்மைகள் ஒரு சில மட்டும் வெளியே வந்து, இன்று லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போகின்றன. சேகரிப்பாளர் உலகம் ஏங்கும் அந்தப் பொம்மையைக் கடைக்கு அனுப்பாததுதான் கென்னர் செய்த நல்ல காரியம். லெகோ தற்கால ராணுவத் தளவாடங்களைச் செய்வதில்லை என்ற கொள்கையும் இதே வகை. போர் விமானமும் டாங்கியும் கேட்கும் பெரியவர்கள் ஏராளம். 2020-ல் ஆஸ்ப்ரே என்ற விமானத்தை மீட்புப் பணி வேடத்தில் வெளியிட இருந்து, ராணுவ விமானம்தானே என்று ஜெர்மனியின் அமைதி இயக்கம் ஒன்று எதிர்த்ததும், வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். டாங்கி வேண்டும் என்கிறவர்களுக்குப் போலந்தின் கோபி நிறுவனம் இருக்கிறது.

அப்படியானால் பெரியவர்களின் ஆசைக்கு வழியே இல்லையா? உண்டு. குழந்தைகளின் அலமாரியை நெருக்காமல் தனி வாசல் வைக்க வேண்டும். 2007-ல் லெகோ கஃபே கார்னர் என்ற 2,056 துண்டுக் கட்டடத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட், ஆர்வலராக இருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவர். ஒன்றோடொன்று பக்கத்தில் பொருந்தும் அத்தகைய கட்டடங்கள் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. என் வீட்டுக் கூடத்தில் அவற்றில் மூன்று தெருவாக நிற்கின்றன. 2008-ல் ஜப்பானில் தொடங்கிய இன்னொரு வாசல் இப்போது லெகோ ஐடியாஸ் என்ற பெயரில் உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது. உங்கள் வடிவமைப்புக்கு 10,000 பேர் ஆதரவு தந்தால் நிறுவனம் பரிசீலிக்கும். பரிசீலிக்கும் என்பது மட்டும்தான் வாக்கு, செய்யும் என்பதல்ல. தேர்வானால் நிகர விற்பனையில் 1 சதவீதம் உங்களுக்கு. மேசையைத் தட்டிக் கேட்கும் ஆசையை வேலையாக மாற்றிவிடும் ஏற்பாடு இது.

ஹாஸ்ப்ரோ இன்னும் நேரடியாகப் போனது. முன்பணம் கட்டுங்கள், போதுமான பேர் சேர்ந்தால் செய்வோம் என்றது. ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த ஜப்பாவின் பாய்மரப் படகை 2018-ல் 500 டாலருக்கு அறிவித்து 5,000 பேரை எதிர்பார்த்தது. 8,810 பேர் வந்தார்கள். ஆனால் 2021-ல் ரான்கோர் என்ற அசுரவிலங்குக்கு 9,000 பேர் வேண்டும் என்றபோது எண்ணிக்கை எட்டவில்லை, பொம்மையும் வரவில்லை. கேட்பவர்களின் சத்தத்தை வைத்து அச்சு வெட்டியிருந்தால் அந்த நட்டம் யார் தலையில் விழுந்திருக்கும்? பெரிய தலையுள்ள பொம்மைகளுக்குப் பேர்போன ஃபங்கோ நிறுவனம் 2023-ல் விற்காமல் தேங்கிய 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது. சேகரிப்பாளர் ஆசைக்கு அடிப்பகுதி கிடையாது என்று நம்பியவர்களுக்கு வந்த கதி அது.

2014-ல் நடந்த இரண்டு சம்பவங்களை உங்கள் அண்ணனிடம் அவசியம் சொல்லுங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி லெகோவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். உங்கள் பொம்மைகளில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், கடற்கரைக்கும் கடைக்கும் போகிறார்கள், பையன்கள் மட்டும் வேலைக்குப் போகிறார்கள், மக்களைக் காப்பாற்றுகிறார்கள், சுறாவோடுகூட நீந்துகிறார்கள் என்பது அதன் சாரம். சிறுமிகளுக்காக 2012-ல் வந்த ஃப்ரெண்ட்ஸ் என்ற தோழிகள் வரிசையை எதிர்த்துப் பெரியவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு கொடுத்திருந்தார்கள். ஆனால் சிறுமிகள் அந்த வரிசையை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வாங்கினார்கள், அது இன்றும் நிற்கிறது. இந்தச் சிறுமி ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம் என்று கேட்கவில்லை. பெண்களுக்கும் வேலையும் சாகசமும் கொடுங்கள் என்றாள். அதே ஆண்டு ஆகஸ்டில் எலன் கூய்மன் என்ற புவிவேதியியலாளர் ஐடியாஸ் வழியாக முன்வைத்த ஆராய்ச்சிக்கூடம் கடைக்கு வந்தது. 165 துண்டுகள், மூன்று பெண் விஞ்ஞானிகள். ஒருத்தி டைனோசர் எலும்புக்கூட்டின் முன் நிற்கிறாள், ஒருத்தி தொலைநோக்கியில் பார்க்கிறாள், ஒருத்தி வேதியியல் மேசையில் இருக்கிறாள். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. வயது வந்த ஆர்வலர் ஒருவருக்கு வேண்டியதும் ஒரு குழந்தைக்கு வேண்டியதும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

ஆகவே அண்ணன் மின்னஞ்சலைத் திருத்தி எழுதட்டும். உரிந்த ஸ்டிக்கர்களைப் படம் எடுத்து, செட் எண்ணும் வாங்கிய ஆண்டும் குறித்து முதல் கோரிக்கையை விரிவாக்கட்டும். ரயிலை ஒரு வடிவமைப்பாகவே கட்டி ஐடியாஸில் வைக்கட்டும், என் ஆதரவு ஒன்று நிச்சயம். மூன்றாவதை அழித்துவிடச் சொல்லுங்கள். நான்காவது இருந்த இடத்தை மகளுக்கு விட்டுக்கொடுக்கட்டும். அவள் தன் கையெழுத்தில் ஒரு தாளில் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்த வேண்டாம். அதைப் படம் எடுத்து மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.